ஊர்வலமும் உத்தரவும்: சென்னையில் பொதுநிகழ்ச்சி அனுமதியின் வரலாறு

சென்னை மாநகரில் பொதுக்கூட்டம், ஆர்ப்பாட்டம், ஊர்வலம், தெருவிழா ஆகிய எதை நடத்துவதாயினும், நிகழ்ச்சி நாளுக்குக் குறைந்தது 5 நாள் முன்னதாகக் காவல் துறையிடம் மனுக் கொடுத்து, எழுத்துப்பூர்வமான அனுமதி பெற வேண்டும் என்பது நடைமுறை. நிகழ்ச்சியின் நோக்கம், இடம், நேரம், எதிர்பார்க்கப்படும் கூட்டம், ஒலிபெருக்கி உண்டா இல்லையா, ஊர்வலமாயின் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடியும் என்பன அந்த மனுவில் இடம்பெற வேண்டும். இந்த நடைமுறைக்குச் சட்ட அடிப்படையாக இன்றும் நிற்பது 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவாகும். விடுதலைப் போராட்டத்தை அடக்குவதற்காக ஆங்கிலேய அரசு செய்த ஏற்பாடு இது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் இந்தியத் தேசிய காங்கிரஸ் தோன்றி 3 ஆண்டுகளே கழிந்திருந்த, கடற்கரையில் அரசியல் கூட்டம் கூட்டும் வழக்கம் வேரூன்றியிராத காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது என்பதை நோக்கினால், அதன் தோற்றுவாயை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. அரசியல் மேடைக்கு வெகுகாலம் முன்பே, கல்யாண ஊர்வலமும் சாமி புறப்பாடும் சாவுமேளமும் இந்நகரின் தெருக்களை வழக்காடு பொருளாக்கியிருந்தன. அனுமதி என்னும் அதிகாரம் அந்த வழக்குகளில்தான் பிறந்தது.

சென்னைப்பட்டினம் உருவாகிப் பதினைந்து ஆண்டுகள் நிறைவதற்குள்ளாகவே, 1650களில், வலங்கை இடங்கைச் சாதிகளுக்கிடையே தெருவைப் பற்றிய பூசல் மூண்டது. வலங்கை, இடங்கை என்பவை சோழர் காலம் தொட்டுத் தமிழகத்தில் வழங்கிவந்த இருபெரும் சாதிக் கூட்டணிகள். சென்னையில் கோமுட்டி செட்டியார், பலிஜர், வேளாளர் முதலியோர் வலங்கையாகவும், பேரி செட்டியார், கம்மாளர் முதலியோர் இடங்கையாகவும் அணிவகுத்திருந்தனர். மணப்பந்தலுக்கு எத்தனை கால் நடலாம், எந்தக் கொடியைப் பிடிக்கலாம், குதிரைமேல் போகலாமா, எந்த வாத்தியத்தை எந்தத் தெரு வரைக்கும் வாசிக்கலாம் என்பவையெல்லாம் இவர்களுக்கிடையே உயிர்போகும் வழக்குகளாக இருந்தன. பந்தலுக்குப் பன்னிரண்டு கால் நடும் உரிமை தங்களுக்கே உண்டென்றும், எதிர்த்தரப்பார் பதினொன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமென்றும் வலங்கையார் வாதிட்டனர். இன்றைய கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் இந்தக் கணக்கு, ஒரு சமூகம் ஊரறிய எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதன் அளவுகோலாக இருந்தது என்பதை மறந்துவிட்டால், அந்தப் பூசல்களின் கடுமையை விளங்கிக்கொள்ள இயலாது.

1707ஆம் ஆண்டுப் பூசல் இவற்றுள் மிகவும் அறியப்பட்டது. கோட்டைக்கு வடக்கே, இன்றைய ஜார்ஜ் டவுனின் மேற்குப் பகுதியாகிய பெத்தநாயக்கன்பேட்டையில், இடங்கையாரின் கல்யாண ஊர்வலம் ஒன்று வலங்கையார் தமக்குரியவை என்று கருதிய தெருக்களின் வழியே சென்றதைத் தொடர்ந்து கலகம் எழுந்தது. அப்போது கவர்னராக இருந்த தாமஸ் பிட் இரு தரப்பின் முதன்மையரையும் அழைத்துப் பேசி, இன்னின்ன தெருக்கள் இன்னாருக்கு என்று பிரித்து, எல்லையைக் கல் நட்டுக் காட்டினார். தங்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதாகக் கருதிய வலங்கையார் திரளாக ஊரை விட்டு வெளியேறிச் சாந்தோமில் போய்த் தங்கினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகம் அவர்களது கைத்திறனையும் உடலுழைப்பையும் நம்பியிருந்தமையால் கவர்னர் மிரட்டியும் பணிந்தும் அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் இடங்கையார் தமக்கெனக் கச்சாலீசுவரர் கோயிலை எழுப்பிக்கொண்டதற்கும் இந்தத் தெருப் பிரிவினையோடு தொடர்புண்டு. எதிர்த்தரப்பாரின் தெருவில் கால் வைக்காமல் உற்சவம் நடத்த வேண்டுமானால், சாமியும் தங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

இந்த நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பிட் செய்தது இன்றைய பொருளில் அனுமதி வழங்குவது அன்று. தெருவை இரு சாராருக்கும் பங்கிட்டுக் கொடுத்ததே ஆகும். தெரு பொதுவானது, அதில் யாரும் போகலாம், போகும் முறையை மட்டும் அரசு ஒழுங்குசெய்யும் என்ற கருத்து அப்போது ஆள்வோரிடமும் இல்லை, ஆளப்படுவோரிடமும் இல்லை. ஒவ்வொரு தெருவுக்கும் உடையவர் இருந்தனர். மற்றவர் அதில் செல்வது அவர்களது இசைவைப் பொறுத்தது. இந்த இசைவுகளைக் காப்பது பெத்த நாயக்கர் என்னும் பரம்பரைக் காவல் தலைவரின் பொறுப்பாக இருந்தது; தலையாரிகளைக் கொண்டு இரவுக் காவலும் கள்வரைப் பிடிக்கும் வேலையும் செய்துவந்த அவரது பெயராலேயே அந்தப் பேட்டை இன்றும் வழங்குகிறது. 1806இல் வால்டர் கிராண்ட் நகரின் முதல் போலீஸ் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டபோது அந்தப் பரம்பரைப் பதவி முடிவுக்கு வந்தது. 1856இல் கமிஷனர் பதவி உருவானது. ஊரின் வழக்கம் அறிந்த ஒருவரிடம் பேசித் தீர்த்துக்கொண்ட காலம் போய், காகிதத்தில் மனுக் கொடுத்துக் காகிதத்தில் உத்தரவு வாங்கும் காலம் இந்த அரை நூற்றாண்டில் உருவாயிற்று.

தெருவைப் பற்றிய கருத்தை அடியோடு மாற்றியது போலீஸ் அலுவலகமன்று, நீதிமன்றம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தின் பல ஊர்களிலிருந்து ஊர்வல வழக்குகள் உயர்நீதிமன்றத்துக்கு வந்துகொண்டேயிருந்தன. வடகலையார், தென்கலையார் ஆகியோரில் சாமிக்கு முன்னால் யார் பாசுரம் ஓதிச் செல்வது என்பது ஒரு வகை. பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டுமா என்பது இன்னொரு வகை. தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியார் பல்லக்கிலோ குதிரையிலோ போகலாமா என்பது வேறொரு வகை. சேலத்தில் பள்ளிவாசலுக்கு முன்னால் வாத்திய ஊர்வலம் செல்வது பற்றிய தகராறு 1882இல் பெருங்கலவரமாக வெடித்தது. அதில் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றுப் பின்னர் மேல்முறையீட்டில் விடுதலையான வழக்கறிஞர் சேலம் விஜயராகவாச்சாரியார், பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதே சேலத்திலிருந்து எழுந்த சுந்தரம் செட்டி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 1883இல் வழங்கிய தீர்ப்பு, பொதுநிகழ்ச்சி அனுமதியின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. சர் சார்லஸ் டர்னர் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில் வந்த அந்தத் தீர்ப்பின் சாரம் இது: பொதுத் தெருவில் சமய ஊர்வலம் செல்வதற்கு எந்தப் பிரிவினருக்கும் உரிமை உண்டு, மற்றவர்கள் அதே தெருவை வழக்கம்போலப் பயன்படுத்துவதற்கு அந்த ஊர்வலம் தடையாக இருக்கக் கூடாது, நெரிசலையும் அமைதிக் குலைவையும் தவிர்ப்பதற்காக மாஜிஸ்திரேட் சட்டப்படி பிறப்பிக்கும் கட்டளைகளுக்கு அது கட்டுப்பட வேண்டும். இதன் பின்னணியில் உள்ள தருக்கம் எளியது என்றாலும் ஆழமானது. உரிமை முதலில் இருக்கிறது. அரசின் அதிகாரம் அதை ஒழுங்குசெய்ய வருகிறது. உரிமையை அரசு உண்டாக்குவதில்லை என்பதால், அதை இல்லையென்று சொல்லவும் அரசுக்குப் பொதுவான அதிகாரம் கிடையாது. பிட் நட்ட எல்லைக் கற்களைச் சட்டத்தின் பார்வையில் பிடுங்கி எறிந்த தீர்ப்பு இது. 1924இல் ஐக்கிய மாகாணத்து மன்சூர் ஹசன் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சிலும் இதே நிலைப்பாட்டை எடுத்து, பொதுச் சாலையில் உரிய சடங்குகளோடு ஊர்வலம் செல்லும் உரிமையை இந்தியா முழுமைக்குமான சட்டமாக்கிற்று.

சுந்தரம் செட்டி தீர்ப்புக்கு 5 ஆண்டுகள் கழித்து வந்த 1888ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிக்கும்போது இந்தப் பின்னணியை நினைவிற்கொள்ள வேண்டும். அதன் 41ஆம் பிரிவு, பொது இடங்களில் கூடும் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் நெறிப்படுத்தவும், எந்த வழியில் எந்த நேரத்தில் செல்லலாம் என்று வரையறுக்கவும், தெருவில் இசை பயன்படுத்தப்படும் முறையை ஒழுங்குசெய்யவும் கமிஷனருக்கு அதிகாரம் தருகிறது. பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவை என்று அவர் கருதினால் ஒரு கூட்டத்தையோ ஊர்வலத்தையோ தடைசெய்யவும் செய்யலாம்; ஆனால் அரசின் ஒப்புதல் இல்லாமல் அந்தத் தடை 15 நாளுக்கு மேல் செல்லாது. நாடெங்கும் பொருந்துமாறு எழுதப்பட்ட 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவும் இதே வார்ப்பில் அமைந்ததுதான். தமிழக மாவட்டங்களில் ‘30(2) அமல்’ என்று செய்தித்தாள்களில் அவ்வப்போது வரும் அறிவிப்பு அதன் இரண்டாம் உட்பிரிவைக் குறிப்பதாகும். கட்டுப்பாடின்றி விட்டால் அமைதி குலையும் என்று கருதப்படும் கூட்டத்துக்கு மட்டும், அதைக் கூட்டுவோர் உரிமம் பெற வேண்டும் என்று அறிவிக்க அந்த உட்பிரிவு இடமளிக்கிறது. அடுத்த உட்பிரிவில் உள்ள ஒரு வாசகம் இன்று பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை: அந்த உரிமத்துக்கான மனுவுக்கும் சரி, உரிமம் வழங்குவதற்கும் சரி, கட்டணம் எதுவும் பெறக் கூடாது என்பதே அது. நான்காம் உட்பிரிவு விழாக்களிலும் சடங்குகளிலும் தெருவில் வாசிக்கப்படும் இசையைப் பற்றியது. சட்டம் எழுதியோரின் மனக்கண்ணில் இருந்தது மேடைப் பேச்சாளரன்று, தவில்காரர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தவிலுக்காகச் செய்த பூட்டு மேடைக்கும் பொருந்தும் என்பதை ஆட்சியாளர் 1907ஆம் ஆண்டில் கண்டுகொண்டனர். அவ்வாண்டு மே மாதம் வங்கத்துத் தலைவர் பிபின் சந்திர பாலர் சென்னைக்கு வந்து கடற்கரையில் ஆற்றிய தொடர் சொற்பொழிவுகளுக்குத் திரண்ட கூட்டம் அதுவரை நகரம் காணாதது. அவரது வருகைக்கு முன்னின்று உழைத்தவர்களுள் சுப்பிரமணிய பாரதியும் ஒருவர். அவ்வாண்டின் இறுதிக்குள் இராசத்துரோகக் கூட்டங்கள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அரசு அறிவிக்கும் பகுதிகளில், கலக்கம் விளைவிக்கக்கூடிய பொருள் பற்றி விவாதிக்கும் பொதுக்கூட்டத்துக்கு 3 நாள் முன்னதாக எழுத்தில் தகவல் தர வேண்டும். 20 பேருக்கு மேல் கூடினால் அது பொதுக்கூட்டமாகவே கொள்ளப்படும். பேச்சைக் குறித்துக்கொள்வதற்கு ஆள் அனுப்பப் போலீசுக்கு அதிகாரம் உண்டு என்பன அதன் முக்கியக் கூறுகள். நிகழ்ச்சி நடப்பதற்கு முன்பே அதன் உள்ளடக்கத்தை எடைபோடும் வழக்கம் இங்கே தொடங்குகிறது. அதுவரை போலீஸ் கேட்டுவந்த கேள்வி எந்தத் தெரு, என்ன நேரம், எவ்வளவு மேளம் என்பதோடு நின்றது. இனிமேல் என்ன பேசப்போகிறீர்கள் என்பதும் அதில் சேர்ந்துகொண்டது. மேடைக்கருகே குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் போலீஸ் சுருக்கெழுத்தர் அடுத்த பல பத்தாண்டுகளுக்குத் தமிழ்நாட்டுப் பொதுக்கூட்டத்தின் பிரிக்க முடியாத அங்கமானார். அக்காலத் தமிழ்ச் சொற்பொழிவுகளில் பல இன்று வாசிக்கக் கிடைப்பது அவர்களது குறிப்புகளின் வழியாகத்தான்.

1908 மார்ச் 9 அன்று பிபின் சந்திர பாலரின் சிறை விடுதலையைக் கொண்டாடத் திருநெல்வேலிச் சீமையில் நடந்த கூட்டமும் ஊர்வலமும் நிர்வாகத்தின் எதிர்ப்பை மீறி நடந்தவை. 3 நாளில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர், மறுநாள் நெல்லை எழுந்தது. சென்னையிலோ திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஒரு பகுதி திலகர் கட்டம் என்று மக்களால் பெயரிடப்பட்டு, ரவுலட் சட்ட எதிர்ப்பு, ஒத்துழையாமை, உப்பு சத்தியாகிரகம் என ஒவ்வொரு இயக்கத்துக்கும் களமாயிற்று. 1930 ஏப்ரலில் அந்த மணலில் திரண்டிருந்தோரைக் கலைக்கப் போலீஸ் துப்பாக்கியைப் பயன்படுத்தியது. அனுமதி கேட்காமல் கூடுவதே இந்தக் காலத்துக் கூட்டங்களின் பொருளாக இருந்தமையால், மனுக்களின் வரலாறு இங்கே சிறைப் பதிவேடுகளின் வரலாறாகிவிடுகிறது.

இந்தப் பேரலைக்கு நடுவே சென்னை சட்டமன்றத்தில் நிகழ்ந்த ஒன்று, கடற்கரைக் கூட்டங்கள் அளவுக்குப் பேசப்படாவிட்டாலும், தெருவின் வரலாற்றில் அவற்றுக்கு இணையானது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்குத் தாழ்த்தப்பட்டோர் உட்பட எந்தச் சாதியாருக்கும் தடை கூடாது என்னும் தீர்மானத்தை 1924இல் ரெட்டமலை சீனிவாசன் அங்கே கொண்டுவந்தார். அது ஏற்கப்பட்டு அரசாணையாக வெளிவந்தது. அரசின் அனுமதி இருந்தாலும் ஊராரின் அனுமதி இல்லாமல் தெருவில் நடக்க முடியாத நிலையில் மாகாண மக்களில் பெரும் பகுதியினர் அப்போது இருந்தனர் என்பதையும், காங்கிரஸ் மேடைகளில் ஒலித்த தெருவுரிமை அவர்களை எட்டவில்லை என்பதையும் அந்தத் தீர்மானம் பதிவுசெய்கிறது. சேரித் தெருவுக்குள் சாமி தேர் வர மறுப்பதும், மணமகன் குதிரையில் போவதற்குப் போலீஸ் பாதுகாப்பு கேட்க வேண்டியிருப்பதும் அந்த ஆணைக்கு நூறாண்டுக்குப் பிறகும் செய்தியாக வந்துகொண்டிருப்பதால், எல்லைக் கற்கள் சட்டத்தில் மட்டுமே பிடுங்கப்பட்டன என்று கூறுவது மிகையாகாது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை 19ஆம் பிரிவில் அடிப்படை உரிமையாக அறிவித்து, பொது ஒழுங்கை முன்னிட்டு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க மட்டும் அரசுக்கு இடம் தந்தது. ஆனால் 1861, 1888 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அப்படியே நீடித்தன. குற்ற நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவும் நீடித்து, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவாக வாழ்கிறது. விடுதலைக்குப் பிந்தைய தமிழகம் பழையவற்றைக் காத்ததோடு நிற்காமல், புதிய பூட்டு ஒன்றையும் செய்தது. எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம் கிளப்பிய புயலின் பின்னணியில் 1954இல் நிறைவேறிய நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அது. நாடகத்தின் முழுப் பிரதியையும் முன்கூட்டியே அதிகாரிகளிடம் ஒப்படைத்து, ஆட்சேபணை இல்லை என்று அறிந்த பிறகே மேடையேற்ற வேண்டிய நிலையை அது ஏற்படுத்தியது. வசனத்தை வரிவரியாகப் படித்து இது ஆகும், இது ஆகாது என்று தீர்மானிக்கும் பொறுப்பு போக்குவரத்தையும் திருட்டையும் கவனிக்க வேண்டிய துறையின் கைக்குப் போயிற்று. ஊருக்கு ஊர் சென்று ஆடும் சிறு குழுக்கள், ஒவ்வோர் ஊரிலும் பிரதியைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்து வாசலில் காத்திருக்க நேர்ந்தது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது. அதுவரை 59 ஆண்டுகள், ஆட்சிக்கு வந்த எல்லாக் கட்சிகளும் அதை அப்படியே வைத்திருந்தன என்பது மேடையால் வளர்ந்த அரசியலுக்குப் பெருமை சேர்ப்பதன்று.

அனுமதியின் எல்லையை உச்சநீதிமன்றம் தெளிவாக வரையறுத்தது 1972இல், ஹிமத்லால் ஷா வழக்கில். அகமதாபாத்தில் பொதுக்கூட்டம் நடத்த மறுக்கப்பட்ட அனுமதியிலிருந்து எழுந்தது அவ்வழக்கு. பொதுத் தெருவில் கூட்டம் நடத்தப் போலீஸ் அதிகாரியின் முன்னனுமதி வேண்டும் என்று விதிக்கலாம். ஆனால் எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்று வழிகாட்டாமல், அதிகாரியின் விருப்பத்துக்கே முழுவதையும் விட்டுவிடும் விதி செல்லாது என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. நகரின் எல்லாத் தெருக்களையும் கூட்டங்களுக்கு மூடிவிட அரசுக்கு உரிமையில்லை என்பதும் அத்தீர்ப்பில் அடங்கும். 1883இல் சாமி ஊர்வலத்துக்குச் சென்னை நீதிபதிகள் சொன்னதை, 89 ஆண்டுகள் கழித்து அரசியல் கூட்டத்துக்கு டெல்லி நீதிபதிகள் சொன்னார்கள் என்றே இதைக் கொள்ளலாம்.

இத்தனை தீர்ப்புகளுக்குப் பிறகும் சென்னையில் பொதுக்கூட்டத்துக்கான இடம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்பதே உண்மை. மெரினா கடற்கரையில் 1970இல் கட்டப்பட்டு, எண்ணற்ற பெருங்கூட்டங்களைக் கண்ட சீரணி அரங்கம் 2003இல் இடிக்கப்பட்டது. அதன்பின் அந்த மணலில் அரசியல் கூட்டங்களுக்கு அனுமதி வழங்கப்படுவதில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் யாரையும் கேட்காமல் அங்கே ஒரு வாரம் திரண்டிருந்தது விதிவிலக்கு. 2018இல் காவிரிக்காக அங்கே உண்ணாநோன்பு இருக்க விவசாயிகள் சங்கம் கேட்ட அனுமதியை உயர்நீதிமன்றத்தின் இருவர் அமர்வு ஏற்கவில்லை. சேப்பாக்கம், வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்தை அடுத்த பகுதி என விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களே ஆர்ப்பாட்டத்துக்கு வழக்கமாக ஒதுக்கப்படுகின்றன. பிட் காலத்தில் தெருக்கள் சாதிகளுக்குப் பங்கிடப்பட்டன; இப்போது முழக்கத்துக்கென்று சில தெருக்களும் அமைதிக்கென்று மற்றெல்லாத் தெருக்களும் பங்கிடப்படுகின்றன. வாகனப் பெருக்கம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் யாரும் பார்க்காத மூலையில் நின்று முழங்குவது கூடும் உரிமையின் உயிரையே எடுத்துவிடுகிறது என்பதும் அதே அளவுக்கு நியாயமான வாதம்.

விழாக்களின் பக்கத்திலோ நேர்மாறாகப் பெருக்கம் நிகழ்ந்தது. 1980களுக்குப் பின் பரவிய விநாயகர் சதுர்த்தி ஊர்வலங்கள், திருவல்லிக்கேணியில் பள்ளிவாசலைக் கடக்கும் வழியைப் பற்றிய பழைய கேள்வியை மீண்டும் தெருவுக்குக் கொண்டுவந்தன; சிலை எந்தச் சாலையில் போகும் என்பதைக் காவல் துறையே ஆண்டுதோறும் வரைந்து தருகிறது. 2018இல் அரசு வெளியிட்ட நெறிமுறைகளின்படி சிலை வைப்போர் நில உரிமையாளர் அல்லது உள்ளாட்சி அமைப்பு, தீயணைப்புத் துறை, மின்வாரியம் ஆகியவற்றிடம் தடையில்லாச் சான்று, அதாவது தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்னும் எழுத்துக் குறிப்பு, பெற்று மனுவோடு இணைக்க வேண்டும். சிலையின் உயரம் பீடத்தோடு சேர்த்து 10 அடியைத் தாண்டக் கூடாது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளால் வந்தது. ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என அதே ஆண்டில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சென்னையின் ஒரு குடியிருப்புப் பகுதியில் எழுந்த தகராறின் விளைவு. தெருவின் இசையை ஒழுங்குசெய்ய 1861இல் எழுதப்பட்ட உட்பிரிவு இவ்வாறு தவிலிலிருந்து கூம்பு ஒலிபெருக்கிக்கு வந்து சேர்ந்தது.

அனுமதி என்பதற்கு மிக அண்மையில் சேர்ந்த பொருள் உயிர்ப் பாதுகாப்பு. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் பரப்புரைக் கூட்டம் ஒன்றில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். இடத்தின் கொள்ளளவு, வந்துபோகும் வழிகள், குடிநீர், மருத்துவ ஊர்தி நிற்கும் இடம், தலைவர் வந்துசேரும் நேரம் ஆகியவை மனுவில் வெறும் சொற்களாக இருந்துவிடக் கூடாது என்பது அந்தத் துயரத்துக்குப் பிறகு எல்லாத் தரப்பாராலும் ஒப்புக்கொள்ளப்பட்டு, கூட்டங்களுக்கான நெறிமுறைகளை வகுக்கும் பணியும் முன்னெடுக்கப்பட்டது. சாதிப் பூசலைத் தடுக்கவும், பிறகு பேச்சை வேவு பார்க்கவும் பயன்பட்ட ஓர் அதிகாரத்துக்கு, கூடும் மக்களைக் காப்பது என்னும் நேர்மையான வேலை இப்போதுதான் முழுமையாக வாய்த்திருக்கிறது.

அந்த வேலையைச் செய்ய அதிகாரம் போதுமான அளவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதிருப்பது காலக்கெடுவும் காரணமும். கூட்டம் நடத்துவோர் 5 நாள் முன்னதாக மனுக் கொடுக்க வேண்டும் என்று விதிக்கும் நடைமுறை, அதற்கு எத்தனை நாளுக்குள் விடை சொல்ல வேண்டும் என்று காவல் துறையை அதே கண்டிப்போடு கட்டுப்படுத்துவதில்லை. நிகழ்ச்சிக்கு முந்தைய மாலையில் மறுப்பு வந்து, அவசர வழக்காக உயர்நீதிமன்றத்துக்கு ஓடுவது தமிழக அமைப்புகளுக்குப் பழகிப்போன காட்சியாகிவிட்டது. ஓடுவதற்கு வழக்கறிஞரும் பணமும் உள்ள கட்சி கூட்டம் நடத்துகிறது, குடிநீர் கேட்டுக் கூட நினைத்த தெருவாசிகள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். மனுவைப் பெற்ற அன்றே தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு, குறைந்தது 2 நாள் முன்னதாக எழுத்தில் விடை, மறுப்பதாயின் அந்த இடத்துக்கும் அந்த நாளுக்கும் உரிய காரணம், கூடவே ஒரு மாற்று இடம் என்னும் நான்கையும் 41ஆம் பிரிவின்கீழ் வகுக்கும் விதிகளிலேயே தமிழக அரசு எழுதிச் சேர்க்க வேண்டும். 1883ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பும் கேட்டது அதற்கு மேல் எதுவுமில்லை.